கரண்டு போன மூன்று நிமிஷம்

காலை எட்டு மணிக்கு நம் காலனிக்குள் வந்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்புகிற டவுன் பஸ்ஸில்தான், பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் ஹைஸ்கூலுக்குப் போகிறீர்கள். அந்தப் பஸ்ஸைக் கேட்பதற்காக நான் ஒரு நாள் கிராம சபைக்குப் போனேன். போய் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

இதைப் பெரியவர்கள் சொல்லிச் சிரிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மீதியை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பிள்ளை மேடைக்குப் பின்னால் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பேச வரமாட்டேன் என்று நின்றது. டீச்சர் இழுத்தும் வரவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நானும் அப்படித் தூணைப் பிடித்தவன்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். கல்யாணமாகி அடுத்த மாதமே இங்கே வந்துவிட்டோம். முதலிபாளையத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஆப்பரேட்டர் வேலை. நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மிஷின்கள் வரிசையாக ஓடும் கூடம் அது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் நாங்கள் வாயால் பேசுவதில்லை, கையால்தான் பேசுவோம். சுட்டுவிரலை மடக்கிக் காட்டினால் ஊசி ஒடிந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இழுத்துக் காட்டினால், நூல் அறுந்துவிட்டது, முடிச்சுப் போடு.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேச வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்திலேயே, "மாப்பிள்ளை ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்று யாரோ மைக்கை நீட்ட, கைகழுவப் போவதுபோல் பந்தலை விட்டு வெளியே போனவன் நான். இங்கே வந்த பிறகு இன்னொரு பயமும் சேர்ந்தது. என் பேச்சு இந்த ஊர்ப் பேச்சு இல்லை. வாயைத் திறந்தால் வெளியூரிலிருந்து வந்தவன் என்று தெரிந்துவிடும்.

என் மகள் எட்டாவது படித்த வருஷம் அது. நம் காலனியில் எட்டாவது வரைதான் பள்ளி. ஒன்பதாவதுக்கு மெயின் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போகவேண்டும். அதற்குப் பஸ் இருந்தது. பைப் பதிக்க நம் ரோட்டைத் தோண்டியபோது பஸ் உள்ளே வருவதை நிறுத்தினார்கள். அப்புறம் குழியை மூடி, தார் போட்டு, மழை பெய்து, அந்தத் தாரும் பழசாகிவிட்டது. பஸ் மட்டும் திரும்பி வரவில்லை. மெயின் ரோட்டிலேயே நேராகப் போய்க்கொண்டிருந்தது. நம் ரோடு மெயின் ரோட்டில் சேருகிற முக்கு வரைக்கும் நடந்தால், நூல் லாரிகளும் கல் லாரிகளும் பிள்ளைகளை உரசிக்கொண்டு போகும். அதற்குப் பயந்து, எட்டாவது முடித்த பெண் பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டிலும் கம்பெனி வேலைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

மனு எழுதிக் கொடுத்துப் பார்த்தோம். ஊராட்சி அலுவலகத்து கிளார்க் வாங்கி வைத்துக்கொண்டு, "கிராம சபையில ஆராச்சும் எந்திரிச்சுச் சொல்லோணுமுங்க. சொன்னாத்தான் தீர்மானமா எழுதி அனுப்ப முடியும்," என்றார். அடுத்த கிராம சபை குடியரசு தினத்தன்று; ஆர்டர் அவசரத்தில் அன்றைக்கும் கம்பெனிகள் ஓடின, காலனியில் பகல் ஷிப்டு இல்லாதவன் நான் ஒருவன்தான் அந்த வாரம். "நீயே சொல்லிரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அப்படித்தான் ஜனவரி இருபத்தாறாம் தேதி போனேன். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பந்தலுக்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைவரம்மா, "வேற ஆருக்காச்சும் கோரிக்கை இருக்குதுங்களா?" என்றார். எழுந்தேன். நூறு தலையும் திரும்பின. பின்னாலிருந்து ஒரு குரல், "ஆரப்பா அது? வந்தவங்களா?" என்றது. கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அதற்கப்புறம் பஸ் என்ற ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, வரவில்லை. "குடிக்கத் தண்ணி..." என்றேன். யாரோ டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். "இன்னும் வேணுங்களா?" என்றார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டம் முடிந்தது.

அடுத்த நாள் காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது. கடையில் தீப்பெட்டி வாங்கப் போனால், "அண்ணனுக்கு மொதல்ல தண்ணி குடுப்பா" என்பார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இந்தா பாருங்க, ஒங்களால முடியாதத நான் குத்தஞ் சொல்லல. ஆனா புள்ளய லாரிக்கு நடுவுல விடமாட்டேன். ஜூன் மாசம் என்னோட வரட்டும். ரெண்டு வருசம் பிசிர் வெட்டட்டும். சூப்பர்வைசர்ட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவதுதான் பிசிர் வெட்டுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தபோது என் மகள் சுவரோரம் உட்கார்ந்து, அம்மாவின் சின்னக் கட்டரை விரலில் மாட்டிக்கொண்டு, என் பழைய பனியனில் பழகிக்கொண்டிருந்தாள். டக், டக், டக். வேகமாகத்தான் வெட்டினாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. எது செய்தாலும் ஒழுங்காகச் செய்கிற பிள்ளை.

"அதக் கீழ வை," என்றேன்.

"சும்மாதாம்ப்பா."

"கீழ வைன்னேன்."

அடுத்த கிராம சபை மே ஒன்றாம் தேதி. கம்பெனிகள் எல்லாம் லீவு, கூட்டம் இன்னும் அதிகமாக இருக்கும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதைவிட்டால் வேறு நாள் இல்லை. என் உயிரே போனாலும் அன்றைக்கு எழுந்து பேசிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது சுலபமாக இருந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

மகளிடம் ஒரு பேச்சு எழுதித் தரச் சொன்னேன். பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு எழுதுவார்களே, அந்த மாதிரி ஒரு பக்கம் எழுதித் தந்தாள். மனப்பாடம் செய்தேன். வீட்டில் சொல்லிப் பார்க்க முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். ரோட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அப்புறம்தான் தோன்றியது, கம்பெனியில் சொன்னால் என்ன? அந்த மிஷின் சத்தத்தில் நான் என்ன கத்தினாலும் எனக்கே கேட்காது. மறுநாளிலிருந்து நூல் கோன் மாற்றிக்கொண்டே, எண்ணெய் விட்டுக்கொண்டே, தொண்டை கிழியக் கத்திப் பழகினேன். நல்ல தைரியமாக வந்தது. ஒரு வாரம் சந்தோஷமாகப் போனது.

அப்போது கரண்டு கட் ஆரம்பித்திருந்த காலம். சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஒரு நாள் மத்தியானம் நான், "பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட தலைவர் அவர்களே! எங்கள் காலனியின் அவல நிலையை" என்று கத்தும்போது, அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் நின்றது. 'அவல நிலையை' மட்டும் தனியாகக் கூடத்தைச் சுற்றி வந்தது.

எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து மிஷின்காரன் இந்த ஊர்க்காரன், என்னைவிட ஆறேழு வயது சின்னவன். வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்ணா, அவல நிலை ஆருக்குங்? மிசினுக்குங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். துணி செக்கிங் பார்க்கிற அம்மா, "அண்ணனுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சோ?" என்று நிஜமாகவே கேட்டார். ஓடிப்போக இடமில்லை. விஷயத்தைச் சொன்னேன். மே ஒன்றாம் தேதி என்றேன். ஜூன் என்றேன். பிசிர் வெட்டும் கட்டரைப் பற்றிச் சொல்லவில்லை.

"அன்னைக்குத் தண்ணி குடிச்சீங்களே, அதுங்களா இது?" என்றான்.

"அதேதான்."

"செரி, சொல்லுங். ஜெனரேட்டர் எடுக்க மூணு நிமிசம் இருக்குது. நாங்க கேக்கறோம்."

எண்ணெய்க் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஜெனரேட்டர் எடுத்து மிஷின் ஓட ஆரம்பித்ததும், கடவுளே என்று மூச்சு விட்டேன். அவன் மிஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையால் காட்டினான்: நாளைக்கு.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மேல் கரண்டு போனது. அவன் காலி நூல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். "ம், தலைவர் வந்தாச்சு. ஆரம்பீங்."

இரண்டு வரி சொன்னேன். அதற்கு அடுத்த நாள் மூன்று வரி. கரண்டு போவதை எல்லோரும் திட்டுவார்கள். நானும் திட்டினேன், வேறு காரணத்துக்காக. அது போகிற நேரம் நெருங்க நெருங்க மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சில நாள் பன்னிரண்டுக்குப் போகும், சில நாள் இரண்டுக்கு, சில நாள் இரண்டு தடவை. ஒரு நாளாவது கக்கூஸுக்குள் போய் நின்றுகொள்ளலாம் என்று கால் இழுக்கும். போகவில்லை. போனால் அன்றைய மூன்று நிமிஷம் வீணாகிவிடும் என்று, மிஷினின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அவன் என்னைச் சும்மா விடவும் இல்லை. "ஏனுங்ணா, பஸ் கேக்கறீங்களா, கல்யாணப் பத்திரிகை வாசிக்கறீங்களா?" என்பான். "சைக்கிள்ல போனா ஆகாதுங்களா?" என்பான். "அஞ்சு புள்ளைக்கு ஒரு பஸ்ஸுங்களா?" என்பான். முதலில் கோபம் வந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு அதற்குப் பதில் யோசிப்பேன். மறுநாள் சொல்வேன். "அஞ்சு இல்ல, எட்டாவதுல இப்ப பதினாலு பிள்ளைக. அதுல ஒம்பது பொம்பளப் பிள்ளைக," என்று வீடு வீடாகப் போய் எண்ணிக்கொண்டு வந்து சொன்னேன்.

ஒரு நாள் ஜெனரேட்டர் எடுக்கவில்லை. டீசல் அடைப்பு என்றார்கள். மகள் எழுதிக் கொடுத்தது இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. எல்லோரும் பெட்டிமேல் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். வியர்வை வழிகிறது. அவன், "இன்னும் நேரங் கெடக்குதுங்ணா" என்றான். சொல்ல ஒன்றும் இல்லாமல், வீட்டில் பார்த்ததைச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்து என் பனியனில் பிசிர் வெட்டிப் பழகுகிற பிள்ளையைச் சொன்னேன். அவள் கணக்கில் வாங்குகிற மார்க்கைச் சொன்னேன். கட்டர் சத்தம் ராத்திரி காதில் கேட்கிறது என்றேன். என் ஊர்ப் பேச்சிலேயே, எப்படி வந்ததோ அப்படி.

யாரும் சிரிக்கவில்லை. செக்கிங் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பக்கத்து மிஷின்காரன் பெட்டியை விட்டு எழுந்தான்.

"இதத்தானுங்ணா அங்க சொல்லோணும். அந்தப் பத்திரிகையக் கிழிச்சுப் போடுங்."

மகளிடம் தயங்கித்தான் சொன்னேன், உன் தாளை நான் படிக்கப் போவதில்லை என்று. "அப்பாடா," என்றாள். "அதுல பாதி எனக்கே புரியலப்பா."

மே ஒன்றாம் தேதி நானும் மனைவியும் மகளும் போனோம். பக்கத்து மிஷின்காரனும் அதே ஊராட்சிதான், லீவு நாளில் தூங்காமல் வந்து கடைசி வரிசையில் நின்றான். எனக்குத் தெரியாத ஒன்று அங்கே காத்திருந்தது. இந்தத் தடவை மைக் வைத்திருந்தார்கள். தலைவரம்மா கோரிக்கை இருக்கிறதா என்று கேட்டதும் எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் வார்த்தை சொன்னதும் மரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாயிலிருந்து என் குரலே பெரிசாகத் திரும்பி வந்து என்மேல் விழுந்தது. மைக்கைத் தூரத் தள்ளிப் பிடித்தேன். ஆனாலும் வாய் நிற்கவில்லை. ரோடு தோண்டியதைச் சொன்னேன். பதினாலு பிள்ளைகள் என்றேன். லாரியைச் சொன்னேன். பாதி தாண்டிவிட்டேன்.

அப்போது நடுவிலிருந்து ஒருவர், "வந்தவங்க ஆளுக்கொண்ணு கேட்டா எங்கீங்க போறது?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

நின்றுவிட்டேன். எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. என்ன சொல்ல வந்தேன் என்றும் தெரியவில்லை. முன்வரிசையில் ஒருவர், நல்ல மனசோடுதான், கீழே இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அது என் பக்கம் வருவதைப் பார்த்தேன்.

கடைசி வரிசையில் அவன் கையைத் தூக்கினான். இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துக் காட்டினான். நூல் அறுந்திருக்கிறது. முடிச்சுப் போடு.

பிள்ளைகளே, எங்கள் மிஷினில் நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், மிஷின் தானாக நின்றுவிடும். அதற்காக யாரும் துணி ரோலை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. அறுந்த இடத்தைத் தேடி, முடிந்து, ஸ்விட்சை அமுக்கினால் அங்கிருந்தே ஓடும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்கிற வேலை. கை பார்த்துக்கொள்ளும். எனக்கு எங்கே அறுந்தது? 'வந்தவங்க' என்ற இடத்தில். சரி, அங்கேயே முடிந்தேன்.

"ஆமாங்கய்யா. நான் வந்தவந்தான்," என்றேன். குழாய் திருப்பிச் சொன்னது. "பொழைக்க வந்தேன். ஆனா எம்புள்ள எங்கிட்டிருந்தும் வரல. இங்கனதான் பொறந்துச்சு. இங்கன இருக்கிற பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. பஸ் நான் ஏறுறதுக்குக் கேக்கல. ஜூன் மாசம் அது பள்ளிக்கூடத்துக்குப் போகணும். பஸ் இல்லேன்னா பிசிர் வெட்டப் போகும். வீட்ல உக்காந்து வெட்டிப் பழகுது. நான் பாத்தேன்."

அதற்குமேல் எனக்கு வரவில்லை. வேண்டியதும் இல்லை.

கேள்வி கேட்டவர் குனிந்துகொண்டார். பிறகு அவரே, "புள்ளைங்க படிக்கறதுக்குன்னா எழுதிக்கட்டும் சாமி, அதுக்கென்ன," என்றார். தலைவரம்மா கை தூக்கச் சொன்னார். என் வீட்டுக்காரி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

உட்கார்ந்தேன். கிளார்க் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க," என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். எப்போது மறுபடி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. "காலனி மக்கள் பஸ் வசதி கேட்டனர்னு எழுதியிருக்கேனுங்க," என்றார். "அது பத்தாதுங்க. காலையில எட்டு மணிக்குன்னு எழுதுங்க. காலனிக்குள்ள வந்து திரும்பணும்னு எழுதுங்க. மத்தியானம் வந்து என்ன பிரயோசனம்?" என்றேன். எழுதினார். திரும்ப வாசிக்கவும் சொன்னேன்.

எழுதியதும் பஸ் வந்துவிடவில்லை. அந்தத் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு மூன்று தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் பேசினேன். ஒவ்வொரு தடவையும் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். இப்போதும் அப்படித்தான். பள்ளி திறந்து முதல் இரண்டு வாரம் மகளைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். மனைவி பேசாமல் சூப்பர்வைசரிடம் போய், பிள்ளை வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, இன்றைக்கு எட்டு மணி பஸ் உள்ளே வரும் என்று சொல்லியிருந்தார்கள். நம்பிக்கை இல்லாமல் நான் மெயின் ரோட்டு முக்கிலேயே போய் நின்றேன். மகளும் கூட வந்தாள். பஸ் வந்தது, திரும்பாமல் நின்றது. கம்பெனிக்குப் போகிற கூட்டம் படி வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர், "உள்ள போகோணும்னு சொன்னாங்க, ஆனா இவங்க விடமாட்டீங்கறாங்களே," என்றார். உள்ளே இருந்து, "நேரமாச்சுங்க, நேரா விடுங்க!" என்று சத்தம்.

நான் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த முழு பஸ்ஸையும் பார்த்துச் சொன்னேன். காலனிக்குள்ளே பதிமூன்று பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கிட்ட நிற்கிறார்கள், திரும்பி வர மூன்று நிமிஷம் ஆகும், அந்த மூன்று நிமிஷத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றேன். யாரோ முணுமுணுத்தார்கள். ஒரு அம்மா, "செரி, போய்த்தான் வரட்டுமே," என்றார். மகளும் ஏறிக்கொள்ள, டிரைவர் வளைத்தார்.

தொட்டிக்கருகே பிள்ளைகள் ஓ என்று கத்திக்கொண்டு ஏறினார்கள். நான் இறங்கினேன். மகள் கூட்டத்துக்குள் புகுந்து ஜன்னலுக்கு வந்து, வெளியே தலையை நீட்டினாள்.

"அப்பா, தண்ணி கேக்கவே இல்லியேப்பா!"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.